எல்லாரும் குடிக்கிறாங்களா? – ஒரு சின்னக் கணக்கு

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், அடி அண்ணாமலை)



ஆண்டு மலர் என்றால் தன்னம்பிக்கை, தாய்மொழிப் பற்று, செயற்கை நுண்ணறிவு என்று கட்டுரைகள் வரும். வரட்டும், நல்லதுதான். நான் எடுத்துக்கொண்டிருப்பது நாம் கேன்டீனில் தினமும் பேசுகிற, ஆனால் மேடையில் ஒருவரும் பேசாத ஒரு விஷயம். அதன் பெயர் சரக்கு!

உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குடி கெடுதல் என்று அறிவுரை சொல்ல நான் வரவில்லை. அதைப் பாட்டில் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறார்கள். திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறார். அதை மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கியிருக்கிறோம். ஆக, தெரியாமல் யாரும் குடிப்பதில்லை. பிறகு ஏன் பதினேழு, பதினெட்டு வயதில் ஒருவன் கிளாஸைக் கையில் எடுக்கிறான்? எடுத்தால் உள்ளே என்ன நடக்கிறது? நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். எதையும் அளந்து, கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் நம் படிப்பு. இதையும் அப்படியே பார்ப்போம்.

முதல் கிளாஸ் எங்கே?

யாராவது தாகம் எடுத்து முதல் கிளாஸ் குடித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கிடையாது. முதல் கிளாஸ் எப்போதும் ஒரு ‘ட்ரீட்’டில்தான் வருகிறது. பிறந்த நாள் ட்ரீட், புது செல்போன் ட்ரீட், அரியர் கிளியர் ஆன ட்ரீட், அரியர் விழுந்ததற்கு ஆறுதல் ட்ரீட், கேம்பஸில் வேலை கிடைத்த ட்ரீட். காதல் தோல்விக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். தேவதாஸ் காலத்திலிருந்தே சினிமா அதற்கு ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து வைத்திருக்கிறது.

ட்ரீட்டில் நடப்பது நமக்கெல்லாம் தெரிந்த நாடகம்தான். ஆறு பேர் உட்காருகிறார்கள். ஒருவன் தயங்குகிறான். “டேய், ஒரு கட்டிங்தான்டா, ஒண்ணும் ஆவாது.” “இன்னும் சின்னப் பையனாவே இருக்கியே மச்சி!” “எல்லாரும்தான் குடிக்கிறாங்க, நீ மட்டும் என்ன?” இந்த மூன்றாவது வசனம்தான் ஆளைச் சாய்க்கிறது. முதல் இரண்டுக்கும் சிரித்து மழுப்பலாம். “எல்லாரும்” என்ற சொல்லுக்கு எதிராகத் தனியாக நிற்கப் பதினெட்டு வயதில் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும்.

சரி, அந்த “எல்லாரும்” என்பது எத்தனை பேர்? எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

எண்ணினால் வருகிற விடை

2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் குடிப்பவர்கள் சுமார் 25 சதவீதம். அதாவது நான்கு பேரில் ஒருவர். மீதி மூன்று பேர் குடிக்காதவர்கள்! இந்தியா முழுவதும் பார்த்தால் இது 19 சதவீதம்தான். கணக்கெடுக்க வந்தவரிடம் சிலர் மறைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்காக்கினாலும் பாதிதான் வருகிறது. “எல்லாரும்” வரவில்லை.

டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காகச் செய்து 2019-இல் வெளியான ஆய்வு இன்னொரு கணக்கைச் சொல்கிறது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். அவர்களில் குடியால் சிக்கலுக்கு ஆளாகி, அதிலிருந்து மீள உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடிக்கும் மேல். வகுத்துப் பாருங்கள். குடிக்கிறவர்களில் மூன்றில் ஒருவருக்கும் அதிகம். “நான் லிமிட்டா இருப்பேன்” என்று ஆரம்பத்தில் சொல்லாதவர் அந்த 5.7 கோடியில் எத்தனை பேர் இருப்பார்கள்?

அப்படியானால் “எல்லாரும்” என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? இதை அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள் 1993-இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் அவர்கள் கேட்டது இதுதான். இங்கே நடக்கும் குடிப் பழக்கம் உனக்கு எவ்வளவு சம்மதம்? மற்ற மாணவர்களுக்கு எவ்வளவு சம்மதம் என்று நினைக்கிறாய்? பெரும்பாலோர் சொன்ன பதில்: எனக்கு அவ்வளவாகச் சம்மதமில்லை, ஆனால் மற்றவர்களுக்குச் சம்மதம்தான். ஒவ்வொருவனும் இப்படியே நினைத்துக்கொண்டிருந்தான்! உள்ளுக்குள் தயங்குகிறவர்கள் நிறைய பேர், வெளியே அத்தனை பேரும் சிரித்த முகம். அடுத்தவன் முகத்தைப் பார்த்து இவன் நடிக்கிறான், இவன் முகத்தைப் பார்த்து அடுத்தவன் நடிக்கிறான்.

நம் ட்ரீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேரிலும் இப்படி இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். யாராவது ஒருவன் முதலில் “எனக்கு வேணாம்” என்று சொன்னால் அவர்கள் மனசுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் நாட்டு பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் வழக்கமாக 42.8 சதவீதம் ஆல்கஹால். 180-ஐ 0.428-ஆல் பெருக்கினால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். அதன் அடர்த்தி ஒரு மில்லிக்கு 0.789 கிராம். ஆக, சுமார் 61 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் 10 கிராம் ஆல்கஹாலை ‘ஒரு அளவு’ என்று கணக்கிடுகிறது. அப்படியானால் ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. “ஒரு கட்டிங்தான்டா” என்கிறோமே, அந்தப் பாதிக் குவார்ட்டர் மூன்று அளவு. பீர் என்றால் பார்லித் தண்ணி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 41 கிராம், நான்கு அளவு! பாதிக் குவார்ட்டரை விட ஒரு பாட்டில் பீரில் ஆல்கஹால் அதிகம்.

இனி ரத்தத்துக்குப் போவோம். 60 கிலோ எடையுள்ள ஒரு பையன் இரவு 10 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடிக்கிறான். ஆல்கஹால் உடம்பில் உள்ள தண்ணீரில்தான் கலக்கும். அந்தக் கணக்குக்கு 60-ஐ 0.68-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 41 கிலோ. 61 கிராமை அதில் பரப்பினால் 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும். சாப்பாடு, உடல்வாகு பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும். பெண்களுக்கு உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு என்பதால் அதே குவார்ட்டர் இன்னும் அதிகமாக ஏறும்.

மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் பையன் அதைப்போல ஐந்து மடங்கில் நிற்கிறான். அந்த நிலையில்தான் “நான் ஸ்டெடியா இருக்கேன் மச்சி, சாவியக் குடு” என்கிறான். 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் கட்டுகிறவன் அதிர்ஷ்டசாலி. வேலூர் ரோட்டில் லாரிக்கு அடியில் போகிறவனுக்கு எந்த ரசீதும் கிடைப்பதில்லை.

ஏறினது எப்போது இறங்கும்? கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் இறக்கும். 150 இறங்கப் பத்து மணி நேரம். இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். அண்ணாமலையைச் சுற்றிக் கிரிவலம் 14 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம், வேகமாக நடந்தால் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் கல்லீரலை யாரும் வேகப்படுத்த முடியாது. பிளாக் காபி, எலுமிச்சம் பழம், மோர், தலையில் ஐஸ் தண்ணி எதுவும் ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை ஒரு மில்லிகிராம் கூடக் குறைக்காது. காபி குடித்தால் போதையில் தூங்குகிறவன் போதையில் விழித்திருப்பான், அவ்வளவுதான்.

குவார்ட்டரோடு ஒரு ஸ்ட்ராங் பீரும் சேர்ந்தால்? இன்னொரு 100 சேர்ந்து 250. மறுநாள் காலை 8 மணிக்கும் 100 மிச்சம் இருக்கும். அதோடு அவன் ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் வந்து நிற்கிறான். நன்றாக இருக்கும்போதே சக் கீயை எடுக்க மறந்து ஸ்விட்சைப் போடுகிற ஆட்கள் உண்டு. வண்டி ஓட்டவே லாயக்கில்லாத கைக்கு, சுற்றுகிற சக்கின் பக்கத்தில் என்ன வேலை? விரல் போனால் திரும்ப முளைக்காது நண்பர்களே!

உள்ளே நடப்பது என்ன?

வயிறும் சிறுகுடலும் ஆல்கஹாலை அப்படியே ரத்தத்துக்குள் விடுகின்றன. சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். மூளையில் முதலில் மங்குவது யோசித்துத் தடுக்கிற பகுதி. அதனால்தான் குடித்தவனுக்குத் தைரியம் வந்த மாதிரி தெரிகிறது. உண்மையில் பிரேக் வேலை செய்யவில்லை, அதைத்தான் நாம் ஆக்சிலரேட்டர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கல்லீரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இது ஆல்கஹாலை விட நச்சு. பிறகுதான் அது அசிட்டேட் ஆகி, கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகப் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கிற அதே பட்டியல். இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு என்று சொல்ல ஒரு அளவே இல்லை என்று அந்த நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது.

நம் வயதுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மனித மூளை முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயது ஆகிறது. திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, பின்விளைவை யோசிப்பது ஆகிய வேலைகளைச் செய்கிற முன்மூளைதான் கடைசியாக முதிர்கிறது. கான்கிரீட் போட்டு இன்னும் கியூரிங் முடியாத தூணில் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று சிவில் நண்பர்களைக் கேளுங்கள். சிறு வயதில் குடிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கே பிற்காலத்தில் அடிமையாகும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகளில் உள்ளது. நம் கல்லூரியில் எத்தனை பேருக்கு 21 முடிந்திருக்கிறது?

கடைச் சரக்கை விட்டு, விலை குறைவு என்று வேறு பக்கம் போனால் கதை அன்றைக்கே முடிந்துவிடலாம். 2023 மே மாதம் மரக்காணம், சித்தாமூர் பக்கம் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூன் மாதம் நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் பகுதியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இரண்டு இடத்திலும் எமனாக வந்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது. நிறத்தில், வாசனையில் சாதாரண ஆல்கஹாலிலிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம். உடம்பில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கொல்கிறது. பார்வை மங்கலாகி, மூச்சு வாங்கி, உயிர் போகிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து உண்டு. “போதை தெளியட்டும்” என்று வீட்டில் படுக்க வைத்துக் காத்திருந்தால்தான் ஆபத்து.

கடையை மூடினார்கள், திறந்தார்கள்

இந்தியாவிலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது நம் மாநிலத்தில்தான். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் ஆரம்பித்தது. 1938-இல் சித்தூர், கடப்பா. 1939-இல் வட ஆற்காடு. அன்றைக்குத் திருவண்ணாமலை வட ஆற்காட்டில்தான் இருந்தது. நம் மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1989-இல். ஆக, நம் கொள்ளுத் தாத்தா காலத்திலேயே இந்த ஊர் மதுவிலக்கைப் பார்த்திருக்கிறது. சாராய வருமானம் போனதை ஈடுகட்டத்தான் 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார்கள்.

உலகப் போர் நேரத்தில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 1948-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் கடைகள் திறந்தன, 1974-இல் மூடின, 1981-இல் மறுபடி திறந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023 ஜூனில் 5,329 கடைகளில் 500 மூடப்பட்டன. ஆனாலும் 2023–24-இல் மதுவால் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, குடிக்கிறவன் வீட்டு அடுப்பு மாறவில்லை.

இதை எதிர்த்து நின்றவர்களும் உண்டு. சேலத்துக்காரரான காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31-ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தார். அதன் பிறகு தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதற்கு முன்பே மதுரை சட்டக் கல்லூரி மாணவி நந்தினி தன் அப்பாவோடு சேர்ந்து போராடிக்கொண்டிருந்தார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் உள்ள துபகுண்டா என்ற கிராமம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே கூலிவேலை செய்யும் பெண்கள் இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பாடப் புத்தகத்தில் குடியால் கஷ்டப்படும் ஒரு பெண்ணின் கதை வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள், “இது நம்ம கதைதானே!” என்று எழுந்து போய்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். ரோசம்மா என்ற பெண் முன்னால் நின்றார். அது மாநிலம் முழுவதும் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திராவில் சாராயத்துக்குத் தடை வந்தது. வீட்டில் முதன்முதலாகப் படித்தவர்கள் படித்ததும் செய்த காரியம் அது. நாமும் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவர்கள்தானே?

நம் வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அப்பா கட்டட வேலை. சனிக்கிழமை கூலி வாங்கினால் அதில் பாதி ஞாயிற்றுக்கிழமைக்குள் காணாமல் போகும். முதல் வருஷம் என் ஃபீஸுக்கு அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. ஒருநாள் அப்பாவிடமே கேட்டேன், “எப்பப்பா ஆரம்பிச்சீங்க?” என்று. பதினேழு வயசில், முதல் சென்ட்ரிங் வேலை முடிந்த அன்றைக்கு, கூட வேலை செய்த அண்ணன்கள் வாங்கிக் கொடுத்தார்களாம். அவருக்கும் ஆரம்பம் ஒரு ட்ரீட்தான்!

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கொளுத்தும் வெயிலில் சட்டி தூக்கி என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி, எட்டு மாதமாக நிறுத்தியிருக்கிறார். நிறுத்திய முதல் வாரத்தில் அவர் கை நடுங்கியதையும், தூக்கமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். முதல் கிளாஸை வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் சங்கடப்பட்டால் போதும். இருபத்தஞ்சு வருஷம் கழித்து வேண்டாம் என்று சொல்ல ஒரு குடும்பமே கூட நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு குவார்ட்டர், சைடிஷ், தண்ணி பாட்டில், டம்ளர் எல்லாம் சேர்த்தால் முந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். 2025–26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். ஒரு சாயங்காலம் நம் ஆறு பேரும் எழுந்து போகும்போது, ஆறு அம்மாக்கள் ஏரியில் ஒரு நாள் முழுக்க மண் வெட்டியது காலி பாட்டிலாக மேஜையில் நிற்கிறது.

தோழிகளே, இது பையன்கள் சமாச்சாரம் என்று நீங்கள் ஒதுங்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் குடிக்கும் பெண்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை என்கிறது அதே குடும்பநல ஆய்வு. ஆனால் குடியின் பில்லை மகளாக, அக்காவாக, மனைவியாகக் கட்டுவது நீங்கள்தான். கூடப் படிக்கும் பையன் “நேத்து செம சரக்கு” என்று பெருமை அடித்தால் சிரித்துவைக்காதீர்கள். அந்தச் சிரிப்பையும் அவன் சம்மதக் கணக்கில்தான் சேர்ப்பான்.

என்ன செய்யலாம்?

“வேணாம் மச்சி” என்று ஒரே தடவை சொல்லுங்கள். காரணம் அடுக்காதீர்கள். காரணம் சொன்னால் அதற்குப் பதில் காரணம் வரும், அது பட்டிமன்றம் ஆகிவிடும். முடிந்தால் தன்னைப்போல் தயங்குகிற இன்னொருவனோடு சேர்ந்து போங்கள். ஒருவன் மறுத்தால் கிண்டல் செய்வார்கள், இரண்டு பேர் மறுத்தால் விட்டுவிடுவார்கள். ட்ரீட் கொடுப்பவன் நீங்களாக இருந்தால் பேச்சே உங்கள் கையில். பிரியாணியும் பன்னீர் சோடாவும் கொடுத்துப் பாருங்கள், யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

சாயங்காலம் 6 முதல் 9 வரை சும்மா இருக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். ஐஸ்லாந்து நாட்டில் 1998-இல், முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையாகும்படி குடித்த 15, 16 வயதுப் பிள்ளைகள் 42 சதவீதம். 2016-இல் அது வெறும் 5 சதவீதம். விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் கட்டுப்பாடு வைத்ததோடு, சாயங்காலங்களில் விளையாட்டு, இசை என்று பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார்கள், பெற்றோரைக் கூட நேரம் செலவழிக்க வைத்தார்கள். நமக்கு ஐஸ்லாந்து பணம் இல்லை. ஒரு வாலிபால், ஒரு நெட், விடுதி மைதானத்தில் இரண்டு விளக்கு போதும். இதை மாணவர் சங்கத்தின் அடுத்த வருஷத் தீர்மானமாகவே வைக்கிறேன்.

கூட இருப்பவன் அதிகமாகக் குடித்து மட்டையாகிவிட்டால் செய்ய வேண்டியது: மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், வாந்தி மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டுப்போகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வார்டனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து தாமதிக்காதீர்கள். வார்டனுக்குப் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம், அவன் அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாது.

வீட்டில் யாராவது தினமும் குடிக்கிறவர் இருந்தால், “நாளையிலிருந்து நிறுத்து” என்று திடீரென்று மறிக்க வேண்டாம். அப்படி நிறுத்தினால் சிலருக்கு நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். டாக்டரிடம் காட்டி நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. போதை மறுவாழ்வு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்கள் இருக்கின்றன. கூப்பிடுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. இது நோய், காய்ச்சல் மாதிரிதான்.

முடிவாக, நண்பர்களே!

தீபத் திருவிழா சமயத்தில் நம் ஊரில் மதுக்கடைகளை மூடச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போடுவது வழக்கம். அந்த நாட்களில் லட்சக்கணக்கான ஜனங்கள் மலையைச் சுற்றுகிறார்கள், எந்தக் குறையும் இல்லாமல் விழா நடக்கிறது. கடையை மூடுவதும் திறப்பதும் அரசின் கையில். கிளாஸை எடுப்பதும் தள்ளுவதும் நம் கையில். அடுத்த ட்ரீட்டில் யாராவது “எல்லாரும்தான் குடிக்கிறாங்க” என்று சொன்னால், மேஜையைச் சுற்றி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நான்கில் மூன்று பேர் நம் பக்கம் இருக்கிறார்கள். யாரோ ஒருவன் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

அந்த ஒருவன் நீங்களாக இருங்கள். நானும் இருக்கிறேன்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!